உடைந்த தளம்: வெனிஸ் நகரின் ஜேர்மனிய மண்டபம்

கல்லையும் உலோகத்தையும் மரத்தையும் கொண்டு உருவம் சமைப்பதே சிற்பம் என்பது நெடுங்காலம் நிலவிய கருத்து. உருவம் ஒரு பீடத்தின்மீது நிற்கும். காண்போர் அதனைச் சுற்றிவந்து நோக்குவர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே இக்கருத்து விரிவடையலாயிற்று. உருவத்தைச் சூழ்ந்துள்ள வெளியும், அவ்வெளியை அடைத்து நிற்கும் சுவரும், மேலே கவிந்த கூரையும், பார்ப்பவர் காலூன்றி நிற்கும் தளமும் சிற்பியின் கைப்பொருளாகலாம் என்ற எண்ணம் மேலைநாட்டுக் கலைஞரிடையே வலுப்பெற்றது.

இவ்வெண்ணம் கலைஞர்க்குப் புதியதாயினும் ஆட்சியாளர்க்கு மிகப் பழையது. அகன்ற படிகளும் உயர்ந்த தூண்களும் எதிரொலிக்கும் கூடங்களும் மனிதனைத் தன் அளவிலும் சிறியவனாக உணரச் செய்யும் என்பதைப் பேரரசர்கள் என்றோ கண்டறிந்திருந்தனர். பெரிய நீதிமன்றத்தின் மண்டபத்துள் நுழைபவர், எவரும் சொல்லாமலே தம் குரலைத் தாழ்த்திக் கொள்கிறார். அங்கே அவரை அடக்குவது கட்டடம். அதிகாரம் வாய் திறவாது பேசும் மொழி அது.

அம்மொழியைப் பேசிய ஒரு கட்டடத்துக்குச் சிற்பி ஒருவர் அளித்த மறுமொழி, அண்மைக்காலக் கலை வரலாற்றிலே தனியிடம் பெற்றுள்ளது. கட்டடம் இத்தாலியின் வெனிஸ் நகரிலுள்ள ஜேர்மனியக் காட்சி மண்டபம். சிற்பி ஹான்ஸ் ஹாக்கே. ஆண்டு 1993.

வெனிஸ் நகரின் கிழக்குக் கோடியிலே, கடலேரியை ஒட்டி, மரங்கள் அடர்ந்த பூங்கா ஒன்று உண்டு. நெப்போலியன் வெனிசைத் தன் ஆட்சியில் வைத்திருந்த காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவன் ஆணையால் அமைந்தது அது. அதற்காக அங்கிருந்த துறவியர் மடங்களும் தேவாலயங்களும் இடிக்கப்பட்டன. ஆகவே, அப்பூங்காவின் பிறப்பே ஓர் அதிகாரத்தின் கட்டளையால் நேர்ந்தது எனலாம். அங்கேதான் 1895 ஆம் ஆண்டில் வெனிஸ் நகரசபை பன்னாட்டுக் கலைக்கண்காட்சி ஒன்றைத் தொடங்கியது. ஈராண்டுக்கு ஒருமுறை நிகழ்வதால் இத்தாலியர் அதனை பியெனாலே என்பர்.

முதலிலே கலைப்பொருள்கள் யாவும் ஒரே கட்டடத்தில் வைக்கப்பட்டன. 1907 ஆம் ஆண்டில் பெல்ஜியம் தனக்கென ஒரு மண்டபத்தைப் பூங்காவினுள் எழுப்பியது. 1909 ஆம் ஆண்டில் பிரித்தானியாவும் ஹங்கேரியும் ஜேர்மனியின் பவேரிய அரசும் அவ்வாறே மண்டபங்களைப் பெற்றன. பிரான்சு 1912 ஆம் ஆண்டிலும் ரஷ்யா 1914 ஆம் ஆண்டிலும் பின்தொடர்ந்தன. இன்று அப்பூங்காவில் ஏறத்தாழ 30 மண்டபங்கள் உள்ளன. கலைக்கு நாட்டெல்லை இல்லை என்பர். ஆயினும் உலகின் மிகப் பழைய பன்னாட்டுக் கலைவிழா, நாடுகள் தத்தம் பெயரை வாயிலிலே பொறித்து வரிசையாய் நிற்கும் ஒரு சிற்றூர் போலவே வளர்ந்தது. பூங்காவின் மேடான பகுதியில், மரநிழற் பாதை முடியும் இடத்திலே, பிரித்தானிய மண்டபம் நிற்கிறது. அதன் இருமருங்கும் பிரான்சும் ஜேர்மனியும். முதலாவது உலகப் போருக்கு முந்திய ஐரோப்பாவின் வல்லரசுகள் எவை என்பதை அறிய அந்த மேட்டில் ஒருமுறை நின்றாலே போதும்.

ஜேர்மனிய மண்டபத்தை முதலில் வரைந்தவர் டானியேலே டொங்கி என்ற இத்தாலியக் கட்டடக் கலைஞர். பழைய கிரேக்கக் கோயிலின் சாயலில், மெல்லிய தூண்களும் முக்கோண முகப்பும் கொண்டதாய் அது அமைந்தது. 1912 ஆம் ஆண்டில் அது பவேரியாவின் மண்டபம் என்ற பெயர் நீங்கி ஜேர்மனியின் மண்டபமாயிற்று.

1933 ஆம் ஆண்டில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். அடுத்த ஆண்டு யூன் மாதத்தில் முசோலினியை முதன்முறையாகச் சந்திக்க வெனிஸ் சென்றபோது அவன் கலைக்கண்காட்சியையும் பார்வையிட்டான். அவ்வேளை எடுக்கப்பட்ட புகைப்படம் ஒன்று, ஐம்பத்தொன்பது ஆண்டுகளின்பின் இவ்வரலாற்றிலே மீண்டும் தலைகாட்டும்.

இளமையில் ஓவியனாக விரும்பி, வியன்னாக் கலைக்கழகத்தில் இடம் மறுக்கப்பட்டவன் ஹிட்லர். கலையை அரசின் கருவியாகக் கொள்வதில் அவனுக்கு எவ்வித ஐயமும் இருக்கவில்லை. 1937 ஆம் ஆண்டில் மியூனிக் நகரில் இரு கண்காட்சிகள் அருகருகே நிகழ்ந்தன. ஒன்று, புதிய பெருமண்டபத்தில், அரசு விரும்பிய வீர உருவங்களைக் காட்டியது. மற்றொன்று, தற்காலக் கலைஞரின் படைப்புகளை இழிந்த கலை என்று ஏளனம் செய்து நெருக்கமான அறைகளிலே தொங்கவிட்டது. போற்றப்பட்டவைக்கு விரிந்த கூடம். தூற்றப்பட்டவைக்கு ஒடுங்கிய அறை. இடத்தை எவ்வாறு பங்கிடுவது என்பதிலேயே தீர்ப்பு அடங்கியிருந்தது.

மறுவருடம், 1938 இல், வெனிஸ் மண்டபம் மாற்றியமைக்கப்பட்டது. பணியை மேற்கொண்டவர் எர்ன்ஸ்ட் ஹைகர் என்ற ஜேர்மனியக் கட்டடக் கலைஞர். உருண்டைத் தூண்கள் நீங்கி அவற்றினிடத்தே கனத்த சதுரத் தூண்கள் எழுந்தன. வாயில் உயர்ந்தது, நடுக்கூடம் ஓங்கியது. பின்சுவர் அரைவட்ட மாடமாக வளைந்து, வாயிலில் நுழைபவரின் பார்வையை நேரே தன்பால் இழுத்தது. மரப்பலகைத் தளம் அகற்றப்பட்டுப் பளிங்குப் பாளங்கள் பதிக்கப்பட்டன. முகப்பிலே ஜேர்மனியா என்ற சொல் இலத்தீன் எழுத்திற் பொறிக்கப்பட்டது. வாயிலின்மேல் சுவஸ்திகச் சின்னத்தைப் பற்றிய கழுகு அமர்ந்தது.

இம்மாற்றங்கள் காண்போர்மீது எவ்வாறு தொழிற்பட்டன என்பது கருதத்தக்கது. படியேறும்போதே கழுத்து தானாக நிமிர்கிறது. தூண்களின் உயரம் கண்ணை மேலே அழைக்கிறது. உள்ளே காலடி வைத்தால் வழவழப்பான கல் ஒலியைத் திருப்பி அனுப்புகிறது. நடை மெதுவாகிறது. எதிரே வளைந்த மாடத்தில் எதனை வைத்தாலும் அது வழிபாட்டுக்குரிய பொருளாகத் தோன்றும். 1940 ஆம் ஆண்டில் ஹிட்லரின் மனங்கவர்ந்த சிற்பி ஆர்னோ பிரெக்கரின் படைப்புகள் அம்மண்டபத்திலே காட்டப்பட்டன. திரண்ட தசையும் இறுகிய முகமும் கொண்ட அவ்வுருவங்களுக்கும் அவற்றைச் சூழ்ந்த கட்டடத்துக்கும் இடையே பொருள் வேறுபாடு எதுவும் இல்லை. இரண்டும் அண்ணாந்து பார் என்ற ஒரே ஆணையையே பிறப்பித்தன.

1945 ஆம் ஆண்டில் நாசிச அரசு வீழ்ந்தது. சுவஸ்திகம் அகன்றது, கட்டடம் நின்றது. 1948 ஆம் ஆண்டில் போருக்குப் பிந்திய முதலாவது கண்காட்சி நிகழ்ந்தபோது, தோற்ற நாட்டின் அம்மண்டபத்திலே பிரெஞ்சு இம்பிரெஷனிச ஓவியங்கள் காட்டப்பட்டன என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. பின்னர் மேற்கு ஜேர்மனி அதனைப் பயன்படுத்தத் தொடங்கியது. கட்டடத்தைத் திருத்திவிடலாமா, இடித்துவிடலாமா என்ற கேள்விகள் 1950களிலேயே எழுந்தன. உட்புறத்தில் சிற்சில மாற்றங்களும் நிகழ்ந்தன. எனினும், தூணும் வாயிலும் தளமும் 1938 ஆம் ஆண்டின் உருவத்திலேயே நிலைபெற்றன. ஈராண்டுக்கு ஒருமுறை புதிய ஓவியங்கள் அச்சுவர்களில் தொங்கின. சுவர்களைப் பற்றி எவரும் பேசவில்லை.

தளத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று முதலில் தேடியவர் ஜோசப் போய்ஸ். இரண்டாவது உலகப் போரிலே ஜேர்மனிய விமானப்படையில் பணிபுரிந்து, போரின்பின் சிற்பியானவர் அவர். 1976 ஆம் ஆண்டில், டிராம் வண்டித் தரிப்பிடம் என்னும் பெயருடைய சிற்பத்தை நடுக்கூடத்தில் அமைத்தார். அவர் இளமையில் வாழ்ந்த கிளேவ் நகரிலே, பழைய பீரங்கிக் குழலை நட்டு எழுப்பிய சின்னம் ஒன்று உண்டு. சிறுவயதில் அவர் டிராம் வண்டிக்குக் காத்திருந்த இடம் அதன் அருகே இருந்தது. அந்நினைவைக் கொண்டு, செங்குத்தாய் நின்ற இரும்புக் குழலின் உச்சியில் துயருற்ற மனிதத் தலையொன்றை அவர் வைத்தார். அருகே தரையில் தண்டவாளத் துண்டொன்று கிடந்தது. அத்துடன் நில்லாது, தளத்தைத் துளைத்துக் கடலேரியின் அடிநிலம் வரை ஆழ்ந்த குழியொன்றையும் இறக்கினார். தோண்டியெடுத்த மண்ணும் கற்சிதைவும் கூடத்திலேயே குவிந்தன. போய்ஸ் ஒரு துளை இட்டார். பதினேழு ஆண்டுகளின்பின் முழுத்தளமும் பெயர்ந்தது.

அதற்கிடையே ஐரோப்பாவின் முகம் மாறியிருந்தது. 1989 ஆம் ஆண்டில் பேர்லின் மதில் திறந்தது. 1990 ஆம் ஆண்டு யூலை முதலாம் நாள் மேற்கு ஜேர்மனியின் மார்க் நாணயம் கிழக்கிலும் செலாவணியாயிற்று. அக்டோபர் மூன்றாம் நாள் இரு நாடுகளும் ஒன்றாயின. 1991 ஆம் ஆண்டு நாடாளுமன்றம் தலைநகரைப் பேர்லினுக்கு மாற்றத் தீர்மானித்தது. மகிழ்ச்சியின் ஊடே அச்சமும் வளர்ந்தது. 1992 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் ரோஸ்டொக் நகரிலே தஞ்சம் கோரி வந்தோரும் வியட்நாமியத் தொழிலாளரும் தங்கியிருந்த விடுதிகள் தாக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் மோல்ன் நகரிலே துருக்கிய மக்களின் வீடுகளுக்குத் தீயிடப்பட்டு மூவர் மாண்டனர். 1993 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் சோலிங்கன் நகரிலே துருக்கியக் குடும்பமொன்றின் ஐவர் அவ்வாறே தீக்கிரையாயினர். இரண்டொரு வாரங்களில் வெனிஸ் கண்காட்சி திறக்கவிருந்தது. ஒன்றுபட்ட ஜேர்மனி அம்மண்டபத்தில் தோன்றும் முதலாவது கண்காட்சி அதுவே.

மண்டபத்தின் பொறுப்பாளராயிருந்த கிளவுஸ் புஸ்மன் இரு கலைஞரை அழைத்திருந்தார். ஒருவர் நாம் ஜூன் பைக். 1932 ஆம் ஆண்டில் கொரியாவின் சியோல் நகரிற் பிறந்து, 1956 ஆம் ஆண்டில் ஜேர்மனிக்குக் கல்வி பயில வந்து, தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கொண்டு சிற்பம் சமைத்துப் புகழ்பெற்றவர். மற்றவர் ஹான்ஸ் ஹாக்கே. 1936 ஆம் ஆண்டில் கொலோன் நகரிற் பிறந்தவர். 1960களிலிருந்து நியூயோர்க்கில் வாழ்ந்தவர். 1971 ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் குகன்ஹைம் அரும்பொருட்சாலையில் நிகழவிருந்த இவரது கண்காட்சி திறப்பு விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன்னரே நிறுத்தப்பட்டது. அந்நகரின் வீட்டுடைமையாளரிடம் எந்தெந்தக் கட்டடங்கள் இருந்தன என்பதைப் பொதுப் பதிவேடுகளிலிருந்து எடுத்துப் புகைப்படங்களோடு வரிசைப்படுத்திய படைப்பொன்றை அவர் வைக்க முனைந்ததே காரணம். கலைக்கூடம் என்ற இடம் யாருடையது, அதன் செல்வம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதே ஹாக்கேயின் வாழ்நாட் பணியாயிற்று.

அவர் வெனிசில் அமைத்த படைப்பின் பெயர் ஜேர்மனியா. முகப்பிலே 1938 ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் சொல்லையே அவர் தம் படைப்புக்குச் சூட்டினார். பேர்லினை இடித்து உலகத் தலைநகராகக் கட்ட ஹிட்லர் திட்டமிட்டபோது, அதற்குக் கருதிய பெயரும் அதுவே.

படைப்பினுள் நுழைவோர் முதலிற் காண்பது வாயிலின்மேல் இருந்த வட்டப் பொருளை. ஒருகாலத்தில் கழுகும் சுவஸ்திகமும் அமர்ந்திருந்த இடம் அது. அங்கே ஒரு மார்க் நாணயத்தின் உருவம் பெரிதாக்கப்பட்டு நிறுத்தப்பட்டிருந்தது. நாணயத்திலே 1990 என்ற ஆண்டு பொறித்திருந்தது. அதன் கீழாக வாயிலுள் புகுந்தால், வழியை மறித்தபடி சிவப்பு நிறச் சுவரொன்று. அச்சுவரில் 1934 ஆம் ஆண்டுப் புகைப்படம் தொங்கியது: வெனிஸ் கலைக்கண்காட்சியைப் பார்வையிடும் ஹிட்லர். காண்போர் அச்சுவரை விலகிப் பக்கவாட்டிற் சென்றாலன்றி உள்ளே போக முடியாது.

உள்ளே சென்றால் கூடம் வெறுமையாயிருந்தது. ஓவியம் இல்லை, உருவச்சிலை இல்லை. 1938 ஆம் ஆண்டிற் பதிக்கப்பட்ட பளிங்குத் தளம் முழுவதும் உடைத்துப் பெயர்க்கப்பட்டு, பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சரிந்து கிடந்தன. எதிரே வளைந்த மாடத்தின் சுவரில், முகப்பில் உள்ளவாறே, ஜேர்மனியா என்ற சொல் மீண்டும் எழுதப்பட்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

பார்ப்பவர் அந்த உடைவுகளின் மேலேயே நடக்க வேண்டியிருந்தது. அடியெடுத்து வைக்கும்போது பாளங்கள் அசைந்தன. ஒன்றோடொன்று மோதி ஒலித்தன. உயர்ந்த கூடம் அவ்வொலியைப் பெருக்கித் திருப்பியது. விழாமல் இருக்கக் கையை விரித்து, ஒவ்வோர் அடிக்கும் இடம் தேடி நடந்தனர். கலை வரலாறு அறிந்தோர் சிலர்க்கு, காஸ்பர் டேவிட் பிரீட்ரிக் என்ற ஜேர்மனிய ஓவியர் 1824 ஆம் ஆண்டளவில் வரைந்த உறைகடல் ஓவியம் நினைவுக்கு வந்தது. அவ்வோவியத்தில் உடைந்த பனிப்பாளங்கள் கூர்முனைகளாய் எழுந்து ஒரு கப்பலை நசுக்கி நிற்கும்.

ஹாக்கே அக்கட்டடத்துக்குப் புதிதாய்ச் சேர்த்தவை சிலவே: ஒரு நாணயம், ஒரு சுவர், ஒரு படம், ஒரு சொல். பெரிய செயல் உடைத்தல் ஒன்றே. ஆனால் அவ்வொரு செயலால் கட்டடத்தின் ஆணை தலைகீழாயிற்று. 1938 ஆம் ஆண்டின் மண்டபம் மனிதனை அண்ணாந்து பார்க்கச் செய்தது. தன் காலடியை மறக்கச் செய்தது. 1993 ஆம் ஆண்டில் அதே கூடத்தில் நின்ற மனிதன் குனிந்து தன் காலைப் பார்த்தான். தூணும் மாடமும் முன்போலவே உயர்ந்து நின்றன. அவற்றை ஏறெடுத்துப் பார்க்க எவருக்கும் அவகாசம் இல்லை.

ஜேர்மனிய மொழியிலே தரைக்கும் நிலத்துக்கும் போடன் என்ற ஒரே சொல் வழங்குகிறது. குருதியும் நிலமும் என்பது நாசிச இயக்கத்தின் முழக்கங்களுள் ஒன்று: ஓரினத்தின் இரத்தமும் அவ்வினத்துக்கே உரிய மண்ணும் என்று பொருள்படுவது. தம் படைப்பையொட்டி வெளிவந்த நூலுக்கு ஹாக்கே வைத்த பெயர் போடன்லோஸ். தரையற்றது, அடித்தளம் அற்றது என்பது அதன் நேர்ப்பொருள். ஓரினத்துக்கு உரிய நிலம் என்ற கோட்பாட்டுக்கு உறுதியான அடித்தளம் உண்டா என்ற வினா, பாளங்களின் ஓசையோடு கலந்து ஒலித்தது. அவ்வினா பழையகாலத்தை மட்டும் நோக்கியது அன்று. மோல்னிலும் சோலிங்கனிலும் எரிந்த வீடுகளின் செய்தி அன்றாடப் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த நாள்கள் அவை.

நாணயத்தைக் குறித்து இருவகைக் கருத்துகள் நிலவலாம். சுவஸ்திகத்தின் இடத்தைப் பணம் பிடித்துக்கொண்டது, வழிபாடு மாறவில்லை என்று கொள்வார் உளர். ஒன்றிணைந்த நாட்டின் ஒருமைக்கு அடையாளமாய் நாணயத்தையன்றி வேறெதுவும் எஞ்சவில்லை என்று கொள்வாரும் உளர். சிற்பி நாணயத்தை அவ்விடத்தில் வைத்ததோடு நின்றார். தீர்ப்பைக் காண்போரிடம் விட்டார்.

இவ்விடத்திலே நாம் ஜூன் பைக்கின் பங்கைப் புறக்கணித்தல் பொருந்தாது. மண்டபத்தின் பக்க அறைகளில் அவரது தொலைக்காட்சித் திரைகள் ஓயாது ஒளிர்ந்தன. நாடோடிகளையும் பயணிகளையும் வெற்றி வீரரையும் பழைய பொருள்களால் உருவாக்கி அவர் காட்டினார். செங்கிஸ்கானை நீர்மூழ்குவோர் அணியும் தலைக்கவசத்தோடும் பெற்றோல் இறைக்கும் பொறியின் உடலோடும் துவிச்சக்கர வண்டியில் ஏற்றி வைத்தார். கிழக்கிலிருந்து குதிரையேறி ஐரோப்பாவை நடுங்கச் செய்தவன், ஜேர்மனியின் மண்டபத்துக்குச் சைக்கிளில் வந்து சேர்ந்தான். நடுக்கூடத்தில் ஒரு நாட்டின் தரை பெயர்ந்து கிடக்க, அதன் பக்கத்திலே, கொரியாவிற் பிறந்து அந்நாட்டின் சார்பில் அழைக்கப்பட்ட ஒருவர் எல்லைகளைக் கடந்து திரிந்தோரின் ஊர்வலத்தை நடத்தினார். கண்காட்சியின் நடுவர்கள் சிறந்த நாட்டு மண்டபத்துக்குரிய பொற்சிங்க விருதை இருவர்க்கும் பொதுவாக வழங்கினர்.

இப்படைப்புக்கு எதிராக எழக்கூடிய மறுப்பையும் நேர்மையுடன் நோக்குதல் வேண்டும். உடைப்பதற்கு அரசே இடம் தந்து, அரசே செலவேற்று, முடிவில் பரிசும் கிடைக்குமாயின் அவ்வெதிர்ப்பின் கூர்மை மழுங்காதா? கண்காட்சி முடிந்ததும் தளம் திரும்ப அமைக்கப்பட்டது. அடுத்த கண்காட்சிக்கு மண்டபம் முன்போல் ஆயத்தமாயிற்று. அதிகாரம் தன்னை எதிர்ப்போரையும் தன் விருந்தினராக்கிக் கொள்ளும் வல்லமை உடையது. இம்மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கது அன்று.

ஆயினும் அந்த உடைவின்பின் அக்கட்டடம் மௌனமாய் இருக்க முடியவில்லை என்பதும் மெய். பின்வந்த கலைஞர் பலர் அதனோடு வாதிட்டனர். 2001 ஆம் ஆண்டில் கிறிகோர் ஷ்னைடர், தம் ஊரிலிருந்த வீடொன்றின் அறைகளையே மண்டபத்தினுள் கொணர்ந்து அமைத்தார். குறுகிய படிகளும் இருண்ட அறைகளும் கொண்ட அவ்வீட்டுக்குள் புகுந்தவருக்குப் பெருங்கூடம் இருந்த சுவடே தெரியவில்லை. 2007 ஆம் ஆண்டில் இசா கென்ஸ்கன், பழுதுபார்க்கும் கட்டடம் போல வெளிப்புறத்தைச் சாரங்கட்டிச் செம்மஞ்சள் வலையால் மூடினார். தூண்களின் கம்பீரம் வலைக்குள் மறைந்தது. 2017 ஆம் ஆண்டில் அன்னே இம்ஹோப், தரைக்கு மேலாகக் கண்ணாடித் தளமொன்றைப் பரப்பினார். பார்வையாளர் மேலே நிற்க, கண்ணாடிக்கு அடியில் நடிகர்கள் ஊர்ந்தும் கிடந்தும் அசைந்தனர். பிறர்மேல் நிற்பவர் யார் என்பதைக் காண்போர் தம் காலின் கீழே கண்டனர். 2024 ஆம் ஆண்டில் எர்சான் மொண்டாக், மண்குவியலொன்றால் தலைவாயிலையே அடைத்தார்.

இவருள் மரியா ஐக்ஹோர்ன் 2022 ஆம் ஆண்டிற் செய்தது தனித்து நோக்கத்தக்கது. கண்காட்சிக் காலம் முழுவதும் மண்டபத்தைக் கழற்றி வேறிடத்துக்குப் பெயர்த்து, முடிந்தபின் திரும்பவும் எழுப்புவது என்பது அவரது முதல் எண்ணம். அது நிறைவேறவில்லை. மாறாக, அவர் சுவரின் சாந்தைச் சில இடங்களிற் சுரண்டி நீக்கினார். அத்திவாரத்தின் பகுதிகளைத் தோண்டித் திறந்தார். 1909 ஆம் ஆண்டின் செங்கல் எங்கே முடிகிறது, 1938 ஆம் ஆண்டின் கட்டுமானம் எங்கே தொடங்குகிறது என்பது வெளிச்சத்துக்கு வந்தது. என்றும் நிலைத்ததாய்த் தோற்றமளித்த ஆலயம், சிறிய கட்டடமொன்றின்மேல் போர்த்திய போர்வை என்பது எவருக்கும் விளங்கிற்று. ஹாக்கே சம்மட்டியால் சொன்னதை ஐக்ஹோர்ன் மருத்துவரின் கத்தியால் சொன்னார் எனலாம்.

ஏனைய மண்டபங்களிலும் இவ்வழக்கு எதிரொலித்தது. 2003 ஆம் ஆண்டில் சாந்தியாகோ சியெரா, ஸ்பானிய மண்டபத்தின் முன்வாயிலைச் செங்கற்சுவரால் அடைத்து, ஸ்பானியக் குடியுரிமைச் சான்று காட்டுவோரை மட்டும் பின்வாயிலால் அனுமதித்தார். நாட்டெல்லை என்பது அன்று அங்கே சென்றோரின் முகத்தில் அறைந்த சுவராயிற்று. 2022 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சார்பில் அழைக்கப்பட்ட முதலாவது கறுப்பினப் பெண் கலைஞரான சிமோன் லீ, 1930 ஆம் ஆண்டில் வெள்ளைத் தூண்களுடன் எழுந்த அந்நாட்டு மண்டபத்தை வைக்கோற் கூரையால் மூடினார். 1931 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஐரோப்பிய வல்லரசுகள் தம் குடியேற்ற நாடுகளைக் காட்சிப்பொருளாக்கிய கண்காட்சியின் ஆபிரிக்கக் குடில்களை அது நினைவூட்டியது. அன்று ஆள்வோர் வகுத்த காட்சியை, இன்று ஆளப்பட்டோரின் வழிவந்தவர் தம் வசமாக்கினார்.

இத்தனைக்கும் பின்னர் ஜேர்மனிய மண்டபத்தை இடித்துவிடல் ஆகாதோ என்ற கேள்வி எழுவது இயல்பு. 2010 ஆம் ஆண்டில் ஜேர்மனியக் கட்டடக் கலைஞர் தரப்பிலிருந்து அவ்வாறான யோசனை எழுந்தபோது பலத்த வாதம் நிகழ்ந்தது. சனநாயக நாடொன்று சர்வாதிகாரி விட்டுச்சென்ற மண்டபத்திலிருந்து உலகுக்கு முகங்காட்டுவது தகாது என்பது ஒரு சாராரின் கட்சி. இடித்தால் குற்றத்தின் சான்றும் உடன் மறையும்; புதிய மண்டபத்தின் அழகிலே பழைய பாடம் மறந்துபோம் என்பது மறுசாராரின் கட்சி. பின்னையவர் கூற்றிலே நியாயம் மிகுதி. இடிக்கப்பட்ட கட்டடத்தோடு எவரும் வாதிட முடியாது. நிற்கும் கட்டடமே ஈராண்டுக்கு ஒருமுறை கலைஞன் ஒருவனைத் தன்னை விசாரிக்குமாறு அழைக்கிறது.

ஹாக்கேயின் பணி உடைத்தலோடு முடியவில்லை. பேர்லினில் ஜேர்மனிய நாடாளுமன்றம் கூடும் ரைக்ஸ்டாக் கட்டடத்தின் முகப்பிலே, ஜேர்மனிய இனமக்களுக்கு என்று பொருள்படும் வாசகம் 1916 ஆம் ஆண்டிற் பொறிக்கப்பட்டது. நெப்போலியனோடு நடந்த போர்களிற் கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி வார்த்த எழுத்துகள் அவை. அக்கட்டடத்தின் உள்முற்றத்திலே, நிலத்தில் அமைந்த ஒளியெழுத்துகளால், வாழும் குடிமக்கள் அனைவர்க்கும் என்று பொருள்படும் வேறொரு வாசகத்தை எழுத ஹாக்கே முன்வந்தார். முகப்பின் சொல் இரத்த உறவைச் சுட்டும். முற்றத்தின் சொல் அந்நிலத்தில் வாழும் எவரையும் சுட்டும். உறுப்பினர்கள் தத்தம் தொகுதியின் மண்ணைக் கொணர்ந்து அவ்வெழுத்துகளைச் சுற்றி இடவேண்டும் என்றும் அவர் கேட்டார். 2000 ஆம் ஆண்டு ஏப்பிரல் 5 ஆம் நாள் நாடாளுமன்றம் இதனை விவாதித்தது. ஆதரவாக 260 வாக்குகளும் எதிராக 258 வாக்குகளும் கிடைத்தன. இரண்டே வாக்குகளால் ஒரு சொல் தன் இடத்தைப் பெற்றது. அதே ஆண்டு செப்டெம்பரில் அப்படைப்பு திறந்துவைக்கப்பட்டது.

வெனிசில் உடைந்த தரைக்கும் பேர்லினிற் சேர்ந்த மண்ணுக்கும் இடையே ஏழு ஆண்டுகள். முன்னையது ஓரினத்துக்கே உரிய நிலம் என்ற பொய்யைப் பெயர்த்தது. பின்னையதில் பல ஊர்களின் மண் ஒன்றாய்க் கலந்தது. அம்மண்ணோடு வந்த விதைகளும், காற்றிலே வந்து வீழ்ந்த விதைகளும் முளைத்தன. எவரும் நடாமலும் களைபிடுங்காமலும் அவை தம் போக்கில் வளர விடப்பட்டன. பளிங்கை உடைத்த சிற்பிக்கு, மக்கள் நிற்பதற்குத் தகுந்த தரை எது என்பதிலும் ஒரு கருத்து இருந்தது என்பதை அம்முற்றம் உணர்த்துகிறது.

அதிகாரம் இடத்தின் வழியாகப் பேசும்போது அதன் பேச்சை உடல் முதலில் ஏற்கிறது. அறிவு பின்னரே விழிக்கிறது. நிமிர்ந்த கழுத்தும் தாழ்ந்த குரலும் எவரிடமும் சம்மதம் கேட்பதில்லை. அத்தகைய இடத்திலே ஒரு கணம் கால் இடறச் செய்து, நிற்கும் தரையை நோக்கவும், அதனை இட்டவர் யார், எவருக்காக இட்டனர் என்று கேட்கவும் வைப்பது சிற்பத்தால் இயலும் என்பதை வெனிஸ் மண்டபத்தின் வரலாறு காட்டுகிறது. பளிங்குப் பாளங்கள் அங்கே மீண்டும் சீராய் அமைந்துவிட்டன. அவற்றின்மேல் நடப்போர்க்கு அவை ஒருமுறை உடைந்தவை என்பதை மறத்தல் இனி எளிதன்று.